முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

வெளுத்துக் காய்ந்த தலையணை உறையை உதறினால் பட்டென்று ஒரு சத்தம் வரும். நாள் முழுக்க அதையே கேட்டவர்களுக்கு, வேலையை விட்டு வந்து வருஷங்கள் ஆன பிறகும் அது காதில் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.

எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில் ஒரு ஓட்டல். அதன் நிலவறையில், ஜன்னல் இல்லாத சலவை அறையில், ஒரு ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு நான் உறை மடித்துக்கொண்டிருந்தேன். சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் எங்கள் ஊர் ஆலயத்தின் ஆராதனை நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக்கடையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் எங்கள் ஊர். அங்கே அப்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள் தொடங்கியிருந்தன.

சபைச் செயலர் ஞானமுத்து மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். ஒரு பிறந்தநாள். ஒரு கல்யாண நாள். கண் ஆபரேஷன் சுகமாக முடிந்த ஒருவர். அடுத்து இது:

“லைன்மேன் சத்தியதாஸ் அவர்களின் மகள் பெனிட்டா, எடின்பரோ பட்டணத்தில் முதுகலைப் படிப்பைச் சிறப்பாக முடித்துப் பட்டம் பெற கர்த்தர் கிருபை செய்தபடியால், குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திர காணிக்கை.”

நேரலைக் கேமரா பின்தூணில் கட்டியிருப்பதால் எல்லாருடைய பின்தலையும்தான் தெரியும். நான்காவது வரிசையில் அப்பாவின் வழுக்கை தெரிந்தது. அவர் திரும்பவில்லை. ஆனால் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

எனக்குப் பட்டம் கிடைக்காது என்று கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்து அன்றோடு பத்து நாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

“ஏட்டி, என்னாச்சு? எதுக்கு உறையப் புடிச்சிட்டு நிக்கே?” என்றாள் அடுத்த மிஷினில் நின்ற ஷமீமா.

“எங்க அப்பா எனக்குப் பட்டம் குடுத்துட்டாரு,” என்றேன்.

கோட்டையை ஏன் எழுதவில்லை?

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் மதுரையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். இத்தனை வாரமாக எடின்பரோவைப் பற்றி எழுதுகிறேனாம், அங்கே இருக்கும் புகழ்பெற்ற கோட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். நியாயமான கோபம்.

ஐயா, கோட்டை இருக்கிறது. ஊருக்கு நடுவே ஒரு பெரிய கரும்பாறை, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் தெரியும். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மதியம் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் துள்ளிக் குதித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம், ஓட்டலில் விரிப்பு மாற்ற இன்னும் ஒரு மாடி பாக்கி இருக்கிறது என்பதற்கான அடையாளம். உள்ளே போய்ப் பார்க்க ஒரு நாளும் வாய்க்கவில்லை. விடுமுறை கிடைத்த நாளில் தூங்கினேன்.

நானும் ஷமீமாவும் தங்கியிருந்த அறை நான்காவது மாடியில். நூற்றாண்டுகளாக ஆட்கள் ஏறி ஏறி, பழைய அம்மிபோல நடுவில் தேய்ந்துபோன கல்படிகள். அந்தத் தேய்மானத்தைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு முன்னால் இத்தனை பேர் இதில் களைத்து ஏறியிருக்கிறார்கள் என்று தோன்றும். அது ஒரு சின்ன ஆறுதல்.

ஷமீமா குளச்சல்காரி. கணக்கியல் படிக்க வந்தவள், என்னோடு அதே அறை, அதே ஓட்டல் வேலை. ஒரு நாள் காலை அவள் உம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். தீ எச்சரிக்கை மணி அலறி, கட்டடம் முழுவதும் இரவு உடையோடு தெருவில் வந்து நின்றது. கீழ்வீட்டுப் பெரியவர், போலீசைக் கூப்பிடவேண்டிய விஷயமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு டப்பாவை மூடிவைப்பதோடு சரி.

நான் படிக்கப் போனது பழைய கல்கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கும், சுவர் உள்ளுக்குள்ளேயே அழுகும். இதைப் பற்றித்தான் ஆய்வேடு. எங்கள் ஆலயச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் அந்தத் தலைப்பு.

பாடங்களில் எல்லாம் தேறினேன். ஆய்வேடுதான் முடியவில்லை. கெடு ஒரு முறை தள்ளிக் கொடுத்தார்கள், அதுவும் கடந்தது. வேலை முடிந்து படியேறி வந்து மடிக்கணினியைத் திறப்பேன். முதல் வரியை எழுதுவேன், அழிப்பேன். கண்ணைத் திறக்கும்போது கன்னத்தில் விசைப்பலகையின் தடம் இருக்கும். யாரும் என்னைத் தோற்கடிக்கவில்லை, நான் தூங்கிப்போனேன். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்வதற்காவது நன்றாக இருந்திருக்கும்.

எதற்கெல்லாம் ஸ்தோத்திரம்

எங்கள் சபையை அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்.

ஏதாவது நல்லது நடந்தால் ஒரு உறையில் காணிக்கை வைத்து, என்ன காரணம் என்று ஒரு சீட்டு எழுதிச் செயலரிடம் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் பெயரோடு, காரணத்தோடு அது வாசிக்கப்படும். எதற்கென்று கணக்கில்லை. பிள்ளைப்பேறு, கிணற்றில் தண்ணீர், புது பைக் ஒரு வருஷம் எங்கும் இடிக்காமல் ஓடியது, அடங்காத மருமகன் குடியை நிறுத்தியது. அந்த மருமகன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு கிளைவழக்கம் உண்டு. நடக்கும் முன்பே, நடந்ததாக நம்பி ஸ்தோத்திரம் செலுத்துவது. கொஞ்சம் துணிச்சலான விசுவாசம் உள்ளவர்கள் செய்வது. கிடைத்துவிட்டால் சாட்சி. கிடைக்காவிட்டால் கதை வேறு.

செல்வின் அண்ணன் அப்படித்தான் வளைகுடா விசா கிடைத்ததற்கு முந்திக்கொண்டு ஸ்தோத்திரம் செலுத்தினார். விசா வரவில்லை. அண்ணன் ஆறு மாதம் எங்கள் ஆலயத்துப் பக்கமே வராமல் புதுக்கடையில் வேறொரு சபைக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவருக்கு ‘விசா செல்வின்’ என்று பெயர் நிலைத்திருந்தது. இப்போது அவருக்குப் பேரன் இருக்கிறான். பெயர் மாறவில்லை.

ஆகவே சலவை அறையில் நான் உறையைப் பிடித்தபடி நின்றது பட்டத்துக்காக இல்லை. அது போனது போனதுதான். அப்பாவுக்கு இந்த வயதில் ஒரு பட்டப்பெயர் வரப்போகிறதே என்றுதான். அதை வாங்கிக் கொடுத்தது நான்.

அப்பா அவசரக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் மின்கம்பம் ஏறியவர். ஏறும் முன் மூன்று முறை கேட்பார். “லைன் ஆஃபா?” என்று கீழே நிற்பவரிடம் ஒரு தடவை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நிற்பவரிடம் ஒரு தடவை. ஏணியில் கால் வைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அம்மா மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் என் விஷயத்தில், பட்டம் கிடைத்ததா என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அதற்கும் காரணம் நான்தான்.

அலமாரிக் கதவில் ஒரு தாள்

கிளம்பும் முன் என் படிப்பின் கால அட்டவணையைத் தாளில் எழுதி, வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். எந்த மாதம் எந்தப் பரீட்சை, என்றைக்கு ஆய்வேடு, என்றைக்கு முடிவு, எல்லாம். அப்பா ஒவ்வொன்றாக நீலப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். போனில் “படிப்பு எப்படி போவுது மக்கா?” என்பார். “போவுது அப்பா,” என்பேன். கடைசித் தேதி வந்தது. அதையும் அடித்தார். மறு ஞாயிறு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் பேசினேன். உண்மையைச் சொல்லிவிடுவதாக ஷமீமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஒரு காரியம் சொல்லணும்...”

“அதுக்கு முன்னே நீ இவியகிட்ட பேசு,” என்று அப்பா போனை யாரிடமோ கொடுத்தார். ஞானமுத்து மாமா. வாழ்த்துச் சொல்லிவிட்டு, வந்ததும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். அவர் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை, அழுதாள். கடைசியில் போன் அப்பாவிடம் திரும்பியபோது அவர் குரல் மெலிந்து கிடந்தது.

“என்ன காரியம் மக்கா?”

“ஒண்ணும் இல்லப்பா. டிக்கெட் போட்டாச்சு.”

ஷமீமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். “நானும் ஒரு பேப்பர்ல ஃபெயிலானேன். அன்னைக்கே வாப்பாகிட்ட சொன்னேன். ஒரு மணிக்கூர் ஏசினாரு, பொறவு சாப்பிட்டியான்னு கேட்டாரு. அவ்வளவுதான் பெனி. நீ என்னத்துக்கு இதச் சொமந்துட்டுத் திரியுத?”

சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது எல்லாம் படுக்கை விரிப்புகளில் போய்விட்டிருந்தது.

கிளம்பும் நாளில் பேருந்தின் ஜன்னல் வழியாகக் கோட்டை தெரிந்தது. மழைத்தூறலில் பாதிதான் தெரிந்தது. அதையும் முழுசாகப் பார்க்கவில்லை.

களியக்காவிளையில் ஒரு சாயா

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அப்பா வாடகைக் காரில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். என் பெட்டியை என்னைத் தொட விடவில்லை. “பிள்ள மெலிஞ்சு போச்சு” என்று டிரைவரிடம் மூன்று முறை சொன்னார்.

களியக்காவிளை தாண்டிச் சாயாவுக்கு நிறுத்தினோம். டிரைவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் காருக்கு வெளியே, கையில் கண்ணாடி கிளாஸோடு நின்றோம். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத சாயா. லாரிகள் போன சத்தத்துக்கு நடுவே சொன்னேன்.

“அப்பா, எனக்குப் பட்டம் கிடைக்கல்ல. கடைசியா எழுத வேண்டியத நான் எழுதி முடிக்கல்ல. நீங்க ஸ்தோத்திரம் குடுக்க முன்னேயே எனக்குத் தெரியும்.”

அப்பா சாயாவைக் குடித்தார். கிளாஸைக் காலி செய்தார். பிறகு கேட்டார்.

“சொகத்துக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்லப்பா. அசதிதான்.”

“சரி.”

அவ்வளவுதான். மார்த்தாண்டம் வந்தது, புதுக்கடை வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊருக்குத் திரும்பும் வளைவில் ஆலயம் வந்தது. அதன் வாசலில், மின்கம்பத்தில், ஆளுயரத்துக்கு நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏணி

ஃபிளெக்ஸ் பேனர், ஆலய வாலிபர் சங்கத்தின் வேலை. என் பாஸ்போர்ட் படத்து முகத்தை வெட்டி, யாரோ ஒருவருடைய பட்டமளிப்பு அங்கியின் மேல் ஒட்டியிருந்தார்கள். அங்கிக்குள்ளிருந்து வந்த கைகள் ஒரு பயில்வானின் கைகள். பின்னணியில் ஒரு கோட்டை. எடின்பரோக் கோட்டை அல்ல, எந்த நாட்டுக் கோட்டையோ. மதுரை வாசகருக்குச் சொல்கிறேன், நான் ஒரு கோட்டையை நின்று முழுசாகப் பார்த்தது அன்றுதான். அதற்குக் கீழே ‘ஊரின் முதல் எடின்பரோ பட்டதாரி’ என்று எழுதியிருந்தது.

“வண்டிய நிப்பாட்டு,” என்றார் அப்பா.

இறங்கினார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். மேல்முடிச்சு கம்பிகளுக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. பையிலிருந்து போனை எடுத்து, இப்போது எங்கள் பகுதியின் லைன்மேனாக இருக்கும் ஸ்டீபனைக் கூப்பிட்டார்.

“ஏலே ஸ்டீபா, கோயில் முக்குல கம்பத்துல ஃபிளெக்ஸ் கெட்டி வச்சிருக்கான். எறக்கணும். லைன ஆஃப் பண்ணு.”

ஸ்டீபன் அண்ணன் பைக்கில் வந்தார். டிரான்ஸ்ஃபார்மரில் லைனை நிறுத்தினார். “நீங்க நில்லுங்க அண்ணாச்சி, நான் ஏறுதேன்,” என்றார். அப்பா கேட்கவில்லை. ஆலயத்தில் கிடந்த மூங்கில் ஏணியைத் தாமே தூக்கி வந்து கம்பத்தில் சாய்த்தார். நான் ஓடிப்போய் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நானும் அப்பாவும் யோசிக்காத ஒன்று நடந்தது. கரண்ட் போனதும் ஊர் வெளியே வந்தது. மிக்ஸி நின்றுபோனவர்கள், சீரியல் நின்றுபோனவர்கள், ஃபேன் நின்றுபோனவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு மதிலில் பெண்கள், கடை முன்னால் ஆண்கள். ஒரு ஃபிளெக்ஸை யாருக்கும் தெரியாமல் இறக்கியிருக்கலாம். அப்பா ஊரையே கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

ஞானமுத்து மாமா ஆலயத்திலிருந்து வேகமாக வந்தார். “எதுக்கு ஓய் கழத்துதீரு? நாளைக்கு ஞாயிறு, எல்லாரும் பாக்கட்டும்னுல்லா கெட்டினது?”

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. “ஸ்டீபா, லைன் ஆஃபா?”

“ஆஃப், அண்ணாச்சி.”

“லைன் ஆஃபா?”

“ஆஃப்தான்.”

ஏணியில் ஒரு கால் வைத்தார். “லைன் ஆஃபா லே?”

“ஆஃப்! ஏறுங்க.”

அறுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் சொடுக்கியது எனக்குக் கீழே கேட்டது. மேல்முடிச்சை அவிழ்த்தார். என் முகம் மடங்கித் தொங்கியது. அங்கிருந்தே, சத்தம் போடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மூணு தரம் கேட்டுட்டுத்தான் நான் கம்பத்துல ஏறுவேன். உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்க பிள்ள காரியத்துல ஒரு தரமும் கேக்காம ஏறீட்டேன். பட்டம் கிடைக்கல்ல. தப்பு எனக்கதாக்கும்.”

எனக்கு முகம் எரிந்தது. ஏணியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஏணியை விட முடியாது, மேலே அப்பா இருந்தார். ஏணியைப் பிடித்தபடியே சொன்னேன்.

“மாமா, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு கேட்டப்போ எல்லாம் நல்லா போவுதுன்னு சொன்னது நான். படிச்சு முடிக்க என்னால முடியல்ல.”

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது எனக்கு வெட்கத்தைவிட, உட்கார வேண்டும் என்ற எண்ணம்தான் அதிகமாக இருந்தது. ஒரு வருஷமாக உட்காராததுபோல இருந்தது.

கூட்டத்தில் விசா செல்வின் அண்ணன் நின்றிருந்தார். மெதுவாக வந்து, ஏணியின் மறுகாலைப் பிடித்துக்கொண்டார். “பைய எறங்கும் அண்ணாச்சி,” என்றார். கடைக்காரர், கரண்ட் எப்போது வரும் என்று ஸ்டீபனிடம் கேட்டார்.

மறுநாள்

மறுநாள் ஆராதனைக்கு அப்பா அதே நான்காவது வரிசையில் உட்கார்ந்தார். முன்பே ஒரு சீட்டு கொடுத்திருந்தார். ஞானமுத்து மாமா அதைப் பார்த்துவிட்டு, “படிப்பப் பற்றி ஒண்ணும் போடண்டாமா?” என்று கேட்டாராம். “எழுதினத மட்டும் வாசியும்,” என்றாராம் அப்பா. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்காக.

அதை வாசித்தபோது நான் அழுதேன். நேரலையில் என் பின்தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். ஷமீமா பார்த்துக்கொண்டிருந்தாளாம். ‘ஏட்டி, தல குலுங்குது’ என்று செய்தி அனுப்பினாள்.

பட்டம் பிறகும் வாங்கவில்லை. இப்போது நாகர்கோவிலில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். காலையும் மாலையும் வடசேரி பேருந்து நிலையத்தில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன். அசதி இப்போதும் இருக்கிறது. கேட்பவர்களிடம் அசதியாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு முன்னேற்றம்.

அந்த ஃபிளெக்ஸை அப்பா வீசவில்லை. நல்ல கனமான சரக்கு, வீணாக்க மனமில்லை. பின்பக்கம் அடுக்கியிருந்த விறகுக்கு மேல் போட்டு, நாலு முனையிலும் கல் வைத்திருந்தார். படம் உள்பக்கமாக இருந்தது. வெளியே வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். இரண்டு நாள் அதை மனசில் வைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு, கேட்காமல் இருந்து பட்டது போதும் என்று, கேட்டேவிட்டேன்.

அப்பா விறகைச் சரிசெய்தபடியே சொன்னார்.

“மூஞ்சி மேல வந்தா மழயில நெறம் போவும் மக்கா.”